சுண்டும் தராசும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நால்வகைப்படுத்தி ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பித்து வருகிறேன். தொல்காப்பியர் தொகைமரபிலே அளவுப்பெயருக்கும் நிறைப்பெயருக்கும் முதலாகும் எழுத்துக்கள் ஒன்பது என்று கூறியதையும் விளக்குவதுண்டு. அளவு வேறு, நிறை வேறு என மாணவர்க்கு ஓதிய நானே அடுக்களைக் கணக்கில் அதனை மறந்துபோனேன்.

சென்ற ஆண்டு, அன்னையாரின் திவசத்துக்குப் பயற்றம் பணியாரம் செய்ய விரும்பிய என் தங்கை கனடாவிலிருந்து அழைத்தாள். அன்னையாரின் கொப்பியில் எல்லாம் சுண்டுக் கணக்கு: வறுத்த பயற்றம்மா நான்கு சுண்டு, அரிசிமா ஒரு சுண்டு, சீனி இரண்டு சுண்டு. தங்கையிடமோ கிராம் காட்டும் தராசே இருந்தது. நான் தயங்காது விடை பகர்ந்தேன். கூப்பன் காலத்திலே கொத்து அரிசி இரண்டு இறாத்தல். (1953 இல் அக்கொத்தின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதாலன்றோ ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால் மூண்டது!) நான்கு சுண்டு ஒரு கொத்து, ஆகவே ஒரு சுண்டு அரை இறாத்தல், அதாவது 227 கிராம். பெருக்கலிலே பிழையில்லை. ஆனால் அஃது அரிசியின் கணக்கு.

பாகு போதாமல் அவள் பிடித்த உருண்டைகள் எண்ணெயிலே உதிர்ந்தன. படையலிற் பணியாரம் இல்லை. "அம்மாவின்ர கைப்பக்குவம் எனக்கு வராது, அண்ணா" என்று அழுதாள். அவள் கை என்ன பிழை செய்தது?

மறுநாள் அன்னையாரின் பாற்பேணியை எடுத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீதிப் பலசரக்குக் கடைக்குச் சென்றேன். தலைதட்டிய அரிசி 235 கிராம் நின்றது. சீனியும் ஏறத்தாழ அவ்வளவே. அரித்த பயற்றம்மாவோ 150 கிராமைத் தாண்டவில்லை. அரித்த மாவிலே காற்று நிறைந்திருக்கும். பேணியை இருமுறை மேசையிலே தட்டினேன். மா அமிழ்ந்து மேலும் இடங்கொடுத்தது. நிரப்பி நிறுக்க 185 ஆயிற்று. "மாஸ்டர், மா வியாபாரம் தொடங்கப் போறியளோ?" என்றார் கடைக்காரர்.

அன்றிரவு இலக்கங்களைச் சொன்னபோது தங்கை கேட்டாள்: "அம்மா பேணியைத் தட்டி அளக்கிறவவோ, தட்டாமலோ?"

அவ்வடுக்களையில் இருபது ஆண்டுகள் உண்டெழுந்தவன் நான். ஒருநாளேனும் அதைக் கவனித்தேனில்லை. அவளுக்கும் நினைவில்லை. தட்டாத கணக்கிலே காற்பங்கு செய்துபார் என்றேன். செய்தாள், உருண்டை உடையவில்லை.

அன்னையாரின் கொப்பியில், அவரெழுத்தின் கீழே, அக்கிராம் கணக்கை மைப்பேனாவால் எழுதி, 'தட்டாமல்' என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.