உறையும் எண்ணெய்

கேமரன் மலையின் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டிப்போவதைக் கண்டவர்கள் நாம். குளிரைப் பற்றிய நம் பட்டறிவு பெரும்பாலும் அவ்வளவே. டீசலும் அவ்வாறு கட்டிப்போகும் என்பதைக் கனடாவின் எட்மண்டன் நகரில் வாழும் என் தம்பியின் வீட்டில், ஒரு டிசம்பர் விடுமுறையில்தான் நேரில் அறிந்தேன்.

டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. கடுங்குளிரில் அது படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடும். ஆதலால் அங்குள்ள எண்ணெய் நிலையங்கள் குளிர்காலத்திற்கென்றே வேறு டீசல் விற்கின்றன. எண்ணெயை மாற்றலாம், இயந்திரத்தின் இயல்பை மாற்ற முடியுமா? பெட்ரோல் இயந்திரத்திற்குள்ள தீப்பொறி இதற்கில்லை. காற்றை நெருக்கி, அந்நெருக்கத்தில் பிறக்கும் வெப்பத்தாலேயே எண்ணெயைப் பற்றவைப்பது ருடால்ஃப் டீசல் 1897இல் இயக்கிக் காட்டிய வழி. உறைநிலைக்குக் கீழே 30 பாகையில், குளிர்ந்த இரும்பு அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. பேட்டரியின் வலிமை பாதியும் தேறாது. மசகெண்ணெயோ பாகாய் இறுகிவிடும்.

எனவேதான் அங்கே பிக்கப் வண்டிகளின் முகப்பில் ஒரு மின்கம்பி தொங்குகிறது. (புதிதாய்ப் பார்ப்பவர் அவற்றை மின்சார வண்டிகள் என்றே எண்ணுவார்.) வட டகோட்டாவின் ஆண்ட்ரூ ஃபிரீமன் 1949இல் காப்புரிமை பெற்ற சூடேற்றியின் வழிவந்தது அது. இரவெல்லாம் வீட்டு மின்சாரத்தில் இயந்திரம் குளிர்காய்கிறது.

தம்பி உறங்குமுன் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை, கம்பி செருகியிருக்கிறதா என்று பார்த்து வருவான். கட்டுமானத் தளங்களுக்குக் கருவிகள் ஏற்றிச் செல்வது அவன் தொழில். வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய ஊதியம் போயிற்று; ஆளற்ற நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் உயிருக்கே உறுதியில்லை. இருக்கைக்குப் பின்னால் கம்பளியும் மெழுகுவர்த்தியும் மண்வெட்டியும் எப்போதும் இருக்கும்.

ஒருநாள் நானும் உடன் சென்றேன். தளத்தை அடைந்தும் அவன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒரு மணி, இரண்டு மணி. சிக்கனம் கற்பித்தே பழகிய என் மனம் பொறுக்கவில்லை.

"எண்ணெய் வீணாகிறதே, தம்பி. சும்மா ஓடினால் கரியும் படியுமல்லவா?"

"படியும்தான் அண்ணே. ஆனால் இங்கே செருக மின்சாரம் இல்லையே! அணைத்துவிட்டால் மாலையில் கிளம்பும் என்று யார் சொல்வது?"

கையுறையைச் சரிசெய்துகொண்டு, கருவிப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தேன். எங்களுக்குப் பின்னால் வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.