சுவர்ப்படத்தில் பார்த்த பாரிஸ்

எனக்குப் பாரிஸ் முதலில் ஒரு சுவர்ப்படமாகத்தான் பழக்கம். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கரும்பலகைக்குப் பக்கத்தில் அது தொங்கும். நடுவில் நீலக் கோடாக வளைந்து போகும் சேன் நதி. பிற்பாடு அம்மாவின் ஊரான தருமபுரிக்கு வந்து, தமிழில் தட்டுத்தடுமாறித் தேர்வெழுதி, தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகி, சிட்டா அடங்கல் என்று முப்பத்தைந்து வருடம் ஓடியும் அந்த நீலக்கோடு மனதை விட்டுப் போகவில்லை.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1954 நவம்பரிலேயே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள் என்றாலும், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். என் பக்கத்து பெஞ்சுப் பையனின் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "காலையில சீக்கிரம் எழுந்திருக்கணும், தூங்குடா" என்றார். அவர் காலமான பிறகும் அந்தக் கோபம் எனக்கு இருந்தது. உங்களிடம் மறைப்பானேன்?

சென்ற ஆண்டு மே மாதம், எழுபத்தைந்து வயதில், அதே பெஞ்சுப் பையன் அழைத்ததால் பாரிஸ் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர்களின் வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. நான் நின்றது மற்றவர்களுக்கான நீள வரிசை. அப்பாவை அங்கே நினைத்துக்கொண்டேன், நல்லவிதமாக அல்ல.

என் முறை வந்ததும் வாத்தியார் சொல்லித் தந்த மரியாதைச் சொற்களையெல்லாம் கோத்து அதிகாரியிடம் பேசினேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மறுநாள் ரொட்டிக் கடைப் பெண்ணும் அப்படியே. அறுபது வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த காசு செல்லாது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ பேசறது நம்ம பாடப்புத்தகம்டா. என் பேரன் கேட்டா தாத்தாவோட தாத்தாம்பான்."

சேன் நதி? ஆடி மாதம் ஒகேனக்கல்லைப் பார்த்த கண்ணுக்கு அது வாய்க்கால்தான். ஆனால் கரைச் சுவர் நெடுக பச்சைப் பெட்டிகளில் பழைய புத்தகங்கள் விற்கிறார்கள். இரண்டு மணி நேரம் நகரவில்லை நான். 2019 ஏப்ரலில் தீப்பிடித்த நோத்ர் தாம் தேவாலயத்தை 2024 டிசம்பரில் திறந்துவிட்டதால் உள்ளேயும் போக முடிந்தது. அதன் முன்முற்றத்தில் தரையில் ஒரு பித்தளை வட்டம். அந்நாட்டுச் சாலைகளின் தூரத்தை அங்கிருந்துதான் கணக்கிடுகிறார்களாம். தாலுகா ஆபீஸ்காரன் கண்ணுக்கு அது சர்வே கல். குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

லா ஷாப்பெல் பகுதிக்குப் போனால் தமிழில் பெயர்ப்பலகைகள், முருங்கைக்காய், கறிவேப்பிலை, புடவைக் கடைகள். பெரும்பாலும் ஈழத் தமிழர்கள். பாரிசில் என்னிடம் யாரும் ஆங்கிலத்தில் பேசாத தெரு அது ஒன்றுதான்.

அன்று மாலை ஆற்றங்கரை பெஞ்சில் அப்பா மீதுள்ள மனத்தாங்கலை நண்பனிடம் கொட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான்.

"எங்கப்பா எழுதிக் குடுத்தாரு. நான் பட்டாளத்துல சேந்தேன். அம்மா செத்தப்ப நான் ஜிபூத்தில இருந்தேன். தந்தி கைக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

அப்போதுதான் கவனித்தேன். அவன் தமிழும் நின்றுபோயிருந்தது. இன்னமும் அணாக் கணக்கு, பள்ளிக்கூடத்து வசவுகள், இங்கே யாருமே சொல்லாத சொற்கள். என் பிரெஞ்சு எந்த வருடத்தில் நின்றதோ, கிட்டத்தட்ட அதே வருடம்.

இரவு, நான் கொண்டுபோன பாலக்கோட்டுப் புளியில் அவன் மனைவி ரசம் வைத்தார். மூன்று முறை வாங்கிக் குடித்தான்.

பத்தாம் நாள் திரும்பும்போது பாஸ்போர்ட் முத்திரை குத்தும் இடத்தில் நான் பெரிதாக எதுவும் பேசவில்லை. "போன்ழூர்" மட்டும் சொன்னேன். அந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்து, "பொன் ரெத்தூர், முசியே" என்றார். நல்லபடியாக ஊர் போய்ச் சேருங்கள் ஐயா, என்று அர்த்தம்.