கலந்தால் குப்பை, பிரித்தால் காசு

குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், நம் வகுப்பில் உடனே எழுகிற கேள்வி "பாய்லர் எத்தனை டன், டர்பைன் எத்தனை மெகாவாட்?" என்பதுதான். டிப்ளமோ படிக்கிற நமக்கு மெஷின் மேல் ஆசை இருப்பது இயற்கை. ஆனால் செவிலிமேட்டில் நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்கு, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாகப் படுகிறது. அந்தக் குப்பை கலந்து வருகிறதா, பிரிந்து வருகிறதா? இந்த ஒரு கேள்வியில் கோடிக்கணக்கான ரூபாயும், சில மனிதர்களின் விரல்களும் அடங்கியிருக்கின்றன என்றால் அது மிகையாகாது.

பட்டுத்தறி ஓடுகிற வீட்டில் குப்பை என்ற சொல்லுக்கே அர்த்தம் வேறு. அறுந்த பட்டு நூல் ஒரு பையில் போகும். ஜரிகைத் துண்டு தனியாக ஒரு டப்பாவில் போகும். "ரெண்டையும் ஒண்ணா போட்டா ரெண்டுக்கும் விலை கிடைக்காதுடா" என்பது எங்கப்பாவின் வேதவாக்கு. தெருவில் "பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்கறது!" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. அதை எரித்தால் பட்டு சாம்பலாகிவிடும், வெள்ளி தங்கிவிடும். போலி ஜரிகையை எரித்தால் கையில் புகைதான் மிஞ்சும். அதனால் அந்த வியாபாரி எரிப்பதற்கு முன்பே உரசிப் பார்த்து, தனக்குக் கிடைத்தது என்ன என்று தெரிந்துகொள்கிறார். கழிவிலிருந்து பொருள் எடுக்கும் தொழில்நுட்பத்தின் முதல் பாடம் இதுதான். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது பழைய பாடம்.

வீட்டுக்குள் இவ்வளவு கெட்டிக்காரர்களான நாம், வாசலுக்கு வந்ததும் அத்தனையையும் மறந்துவிடுகிறோம். பேரூராட்சியாக இருந்த செவிலிமேடு 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆனது. ஊரின் குப்பை பல வருஷமாகத் திருக்காலிமேட்டில் மலை மாதிரி குவிந்தது. அதில் இல்லாதது என்ன? புளித்த மாவு, வாழை இலை, கோயில் மாலை, பால் கவர், உடைந்த டியூப்லைட், பிளேடு எல்லாம் ஒரே பையில்! 2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்த நாளெல்லாம் ஊர் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். கிழிந்த மாலையும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு இலையும் ஒன்றாக மிதிபட்டுக் கிடந்தன. தனித்தனியாக இருந்திருந்தால் மூன்றும் மூன்று சரக்கு.

"கலந்திருந்தால் என்ன, மொத்தமாகக் கொளுத்தி மின்சாரம் எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். டெல்லியில் அப்படித்தான் செய்து பார்த்தார்கள். 1987-ல் திமார்பூரில் டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். தினம் 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். ஆலை ஓடியது 21 நாள்! மெஷினில் கோளாறு என்று நினைக்காதீர்கள். அந்த உலைக்கு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1,460 கிலோகலோரி வெப்பம் தரக்கூடிய குப்பை தேவைப்பட்டது. டெல்லி கொடுத்த குப்பையில் இருந்ததோ 600, 700 கிலோகலோரிதான். மண்ணும் சாம்பலும் ஈரமும் கலந்த குப்பை எப்படி எரியும்?

முதலாண்டு இயற்பியலை வைத்து நாமே கணக்குப் போடலாம், வாருங்கள். ஒரு கிலோ குப்பையில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் சமையலறைக் குப்பைக்கு அது அதிகமே இல்லை. அரை கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 35 கிலோகலோரி வேண்டும். அதை ஆவியாக்க, கிலோவுக்கு 540 வீதம், இன்னும் 270 வேண்டும். ஆக மொத்தம் 305 கிலோகலோரி. ஒரு பல்பு எரிவதற்கு முன்பே இவ்வளவு வெப்பம் புகைக்கூண்டு வழியாக ஆவியாகப் போய்விட்டது! ஈர விறகை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்த நம் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கு எழுதாமலே தெரியும்.

அப்படியென்றால் டென்மார்க்கில் மட்டும் எப்படி ஓடுகிறது? அங்கே 1903-லேயே பிரெட்ரிக்ஸ்பெர்க்கில் குப்பை எரிக்கும் ஆலை வந்துவிட்டது. கோபன்ஹேகனில் 2017-ல் வந்த ஆலையின் கூரை மேல் மக்கள் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். அவர்கள் குப்பையில் தாளும் அட்டையும் மரமும் பிளாஸ்டிக்கும் அதிகம், ஈரம் குறைவு. போதாததற்கு, குளிர் நாடானதால் ஆலையின் மிச்ச வெப்பத்தைக் குழாய் வழியாக வீடுகளுக்கு விற்க முடிகிறது. இங்கே சித்திரை வெயிலில் யாருக்கு வெந்நீர் வேண்டும்? அவர்கள் மெஷினை வாங்கி வந்தோம். அவர்கள் குப்பையை வாங்கி வர முடியுமா?

ஈரக் குப்பைக்கு நெருப்பு லாயக்கில்லை; அதற்கு பாக்டீரியாதான் லாயக்கு. காற்றுப் புகாத தொட்டியில் அது மட்கினால் மீத்தேன் கிடைக்கும். நம்ம சாண எரிவாயு சமாச்சாரம்தான். ஆனால் இங்கும் அதே கண்டிஷன். லக்னோவில் 2003-ல் 5 மெகாவாட் திறனுள்ள எரிவாயு ஆலையைத் தொடங்கினார்கள். பிரித்த குப்பைக்குப் பதிலாக மண்ணும் கல்லும் கலந்த குப்பை வந்து சேர்ந்ததால் சீக்கிரமே மூட வேண்டியதாயிற்று. அதே காலத்தில் சென்னை கோயம்பேட்டில் தினம் 30 டன் கொள்ளளவில் ஓர் ஆலை கட்டினார்கள். அங்கே வருவது மார்க்கெட்டின் காய், பழம், பூக் கழிவு. யாரும் சொல்லாமலே அது பாதி பிரிந்து வருகிற சரக்கு. 2022 பிப்ரவரியில் இந்தூரில் திறந்த ஆலையோ தினம் 550 டன் ஈரக் குப்பையிலிருந்து சுமார் 17,000 கிலோ எரிவாயு எடுத்து பஸ் ஓட்டும் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. அந்த ஊரின் ரகசியம் வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் குப்பையைப் பிரித்துத்தான் வண்டியில் போட வேண்டும்.

காய்ந்த குப்பைக்கும் நம் தமிழ்நாட்டிலேயே வழி கண்டிருக்கிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைத் துருவலாக்கி, சுமார் 160 டிகிரிக்குச் சூடான ஜல்லி மேல் தூவினார். பிளாஸ்டிக் உருகி ஜல்லிக்குச் சட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. அதன் மேல் தார் ஊற்றினால் பிடிப்பு கெட்டியாக இருக்கிறது, தண்ணீர் இறங்குவதில்லை, தாரும் மிச்சம். இதற்காக 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் சாம்பார் ஒட்டின கவரை அந்த ஜல்லியில் போட முடியுமா? கழுவிக் காய்ந்த கவர்தான் வேண்டும். பி.வி.சி. கலந்தால் விஷவாயு வரும், அதனால் அதையும் தனியாக எடுத்தாக வேண்டும்.

ஏற்கனவே கலந்து மலையாகிவிட்ட குப்பையை என்ன செய்வது? அதற்கும் மெஷின் உண்டு. சுழலும் உருளைச் சல்லடையில் போட்டுச் சலித்தால் மண் கீழே விழும். காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ளும். காற்றை வேகமாக ஊதினால் லேசான பிளாஸ்டிக்கும் துணியும் பறந்து தனியாக விழும். அவற்றை எரிபொருளாக சிமென்ட் ஆலைக்கு அனுப்பலாம். ஆனால் இத்தனை டீசலும் கரண்டும் கூலியும் எதற்குச் செலவாகிறது? வீட்டில் இரண்டு விநாடியில் பிரித்திருக்க வேண்டியதைப் பிரிக்கத்தான். சும்மா விட்டாலோ அந்த மலைக்குள்ளேயே மீத்தேன் உண்டாகும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து ஊரே புகையில் திணறியதை மறக்க முடியுமா?

இனி விரல் விஷயம். எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளிக்கொண்டு வருகிற அக்காவிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். "தம்பி, கரண்ட் எடுக்கறது எல்லாம் நீங்க படிச்சவங்க பாத்துக்குங்க. பிளேடையும் ஊசியையும் மட்டும் சோத்தோட சேத்துப் போடாதீங்க. கையுறை போட்டாலும் குத்திடுது" என்றார். உள்ளங்கையைக் காட்டினார். நெசவு செய்கிற எங்கப்பா கையில் நூல் அறுத்த கோடுகள் இருக்கும். அந்த அக்கா கையில் இருந்த கோடுகள் நாம் போட்டவை. திமார்பூரில் அடுப்பை அணைத்த அதே கலப்படம்தான் இங்கே விரலை அறுக்கிறது.

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை. சட்டம் இருந்து என்ன, கையில் வர வேண்டாமா? நம் மாணவர் பேரவைக்கு என் யோசனை இது. கேன்டீனிலும் ஹாஸ்டலிலும் மூன்று நிறத் தொட்டி வைப்போம். மெக்கானிக்கல் பிரிவு, மிதக்கும் டிரம் வைத்த ஒரு சின்ன எரிவாயுக் கலனை நம் ஒர்க்ஷாப்பிலேயே வெல்டிங் செய்து தரட்டும். சிவில் பிரிவு குழி வெட்டட்டும். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் ஃபியூஸ் போன பல்பையும் தீர்ந்த பேட்டரியையும் தனியாகச் சேர்க்கட்டும். ஹாஸ்டல் மிச்சச் சோற்றில் ஒரு வேளை டீ கொதித்தால், அது எந்த மெகாவாட்டுக்கும் குறைந்ததல்ல!

நாளை நம்மில் சிலர் இப்படிப்பட்ட ஆலைகளில் சூப்பர்வைசராகப் போய் நிற்போம். உலை சரியாக எரியவில்லை என்று யாராவது ஓடி வந்தால், பர்னரைக் கழற்றுவதற்கு முன்னால் லாரியில் வந்த குப்பையை ஒரு கை அள்ளிப் பாருங்கள் நண்பர்களே. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.