மண்ணுக்கடியில் ஓர் அமானிதம்

தஞ்சையில் வாழும் நாம் சிவகங்கைக் குளத்தை அடிக்கடி கடந்து செல்கிறோம். அதற்கு நீர் வந்த வழியை எண்ணிப் பார்ப்பதில்லை. சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர், மண்ணுக்கடியில் அமைத்த குழாய்வழியே சிவகங்கைக்கும், அங்கிருந்து நகருக்குள் அய்யன்குளத்துக்கும் சென்றது. அவ்வமைப்பை முன்னோர் ஜலசூத்திரம் என்றனர். பிற்காலத்தில் கட்டடங்களும் கழிவுநீரும் அதை மறைத்துவிட்டன.

2016-இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் தஞ்சை இடம்பெற்றது. அதன்கீழ் அய்யன்குளம் சீரமைக்கப்பட்டது. எனினும் குளத்தைத் தூர்வாரினால் மட்டும் போதாது; வரத்து வழியும் திறந்திருக்க வேண்டும். நிலஅளவை வரைபடத்தைக் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால், வாய்க்கால் புறம்போக்கின்மேல் இன்று நிற்பது எதுவெனத் தெரியும். ஆனால் புதைந்த குழாயை அப்படம் காட்டாது. மதகு இருந்த இடத்தை மூத்தவர்களே அறிவர். ஜும்ஆவுக்குப் பின் அவர்களிடம் கேட்டு, இடக்குறிப்புடன் பதிவுசெய்ய நம் பிள்ளைகளால் இயலும்.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யலாகாது என்று கற்றவர்கள் நாம். நீர் வரும் வழியை அடைப்பதும் விரயமே. நம் வீட்டுக் கழிவுநீர் அவ்வழியில் சேர்கிறதா என முதலில் பார்ப்போம். பிறகு வரைபடத்துடன் மாநகராட்சியை அணுகுவோம், இன்ஷா அல்லாஹ்.