பாம்படத்தை உருக்குமுன்

தென்காசி

அன்பு மகள் செல்விக்குச் சித்தி எழுதுவது.

இங்கே சாரல் விடாமல் போடுகிறது, துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். உங்கம்மா போனில் விஷயத்தைச் சொன்னாள். ஆச்சி காதுப் பாம்படத்தை உருக்கி வளையல் செய்யப் போகிறாயாமே? ஏட்டி, ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறாள், அதற்குள் உனக்கென்ன அவசரம்?

கோபப்படாதே. தங்கம் விற்கிற விலையில் உன் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பார்க்கக் குண்டாக இருக்கிறதே தவிர, பாம்படம் கட்டித் தங்கம் கிடையாது. மேலே மெல்லிய தகடு, உள்ளே அரக்கு. உருண்டையும் கட்டமுமாக அதைச் சேர்த்த ஆசாரியின் கைவேலைக்கு எந்தக் கடைக்காரனும் காசு தரமாட்டான். அரக்கைக் கழித்துவிட்டுத் தகட்டைத்தான் நிறுப்பான்.

ஆச்சி காதும் சும்மா வளர்ந்ததா? சின்னப் பிள்ளையிலேயே குத்தி, பஞ்சைத் திணித்து, ஈயக் குணுக்கு மாட்டி, தோளைத் தொடுகிற வரை வளர்த்தது. பிறகு காலம் மாறி, ஆச்சி வயதுக்காரிகள் பலர் தொங்குகாதை அறுத்துத் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று நாங்கள் கேட்டால் சிரித்து மழுப்புவாள். பேத்தி கேட்டால் சொல்லுவாள்.

பள்ளிக்கூடத்தில் நீ குறத்தி சிங்கி வேஷம் கட்டினாயே, நினைவிருக்கிறதா? நம்ம மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி புருஷன் சிங்கனை எப்படிக் கேட்க வைக்கிறார் பார். தேடி அலைந்து அவளைக் கண்டுபிடித்தவனுக்கு அவள் மேல் கிடக்கிற நகை ஒன்றும் பிடிபடவில்லை. காலில் விரியன் கிடக்கிறதே என்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கின சிலம்பு. செத்த தவளையைக் கட்டியிருக்கிறாயே என்கிறான். குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் தந்த மணிக் கெச்சமாம். விரலில் சுருண்டு கிடக்கிற பூச்சி, கண்டியில் கிடைத்த காலாழி. அவள் ஊர் ஊராகச் சுற்றியது முழுக்க அந்தக் கேள்விகளில்தான் வெளியே வருகிறது. அந்த மடையன் ஒன்றைக்கூட எத்தனை பவுன் என்று கேட்கவில்லை!

நீயும் முதலில் கேள். யார் செய்து போட்டது, அடகுக்கு எத்தனை தடவை போய் வந்தது, எதற்காகப் போனது. பெட்டியில் பூட்டி வைத்துக் கும்பிட எனக்கும் ஆசையில்லை. ஜோடியில் ஒன்றை உங்கம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை நீ சங்கிலியில் பதக்கமாகக் கோத்துக்கொள்ளேன். ஆபீஸில் எவளாவது இது என்ன என்று கேட்காமல் போகிறாளா பார். நெருப்புக் காட்டாமல் கோக்கச் சொல், அரக்கு இளகிவிடும். அதற்கு மேலும் உருக்கத்தான் வேண்டும் என்றால் உன் பாடு, ஆச்சி பாடு.

ஆச்சிக்கு இப்போது வலது காது மந்தம். இடது பக்கமாக உட்கார்ந்து பேசு, மதியம் தூங்கி எழுந்த பிறகு. சாரல் நிற்கிறதுக்குள் வந்துவிடு. வரும்போது நல்ல கொட்டைப்பாக்கு வாங்கி வா. நான் வாங்குவது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லையாம்.

அன்புடன்,
சித்தி