காலியாக விட்ட எல்ஸ் பகுதி

ஒரு கல்லூரியின் விண்ணப்பப் படிவத்துக்கு நான் எழுதிய புரோகிராமால் பலர் விண்ணப்பிக்க முடியாமல் போனது. அப்போது பழியை அவர்கள் மேலேயே போட்டேன். உண்மையை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் பிரவுசருக்குப் பிரவுசர் ஸ்கிரிப்ட் மாறும். நெட்ஸ்கேப் 4க்கு டாகுமென்ட்.லேயர்ஸ், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு டாகுமென்ட்.ஆல். பக்கத்தைக் கேட்கும்போதே பிரவுசர் 'யூசர் ஏஜென்ட்' என்ற வரியில் தான் யாரென்று சொல்லிவிடும். அதைப் படித்து, அதற்குரிய ஸ்கிரிப்டை மட்டும் சர்வர் உருவாக்கி அனுப்பும். பக்கத்தின் எடை குறையும். டயல்-அப் இணைப்பில் அது பெரிய உதவி. இதுவரை குற்றம் இல்லை.

நான் அந்த வரியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் அடையாளமான 'எம்எஸ்ஐஇ' இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தால் முழு ஸ்கிரிப்ட் போகும். இல்லாதவர்களுக்கான எல்ஸ் பகுதியைக் காலியாக விட்டேன். தெரியாமல் விடவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 1.0 2004 நவம்பரிலேயே வந்துவிட்டது. என் கணினியிலும் இருந்தது. டாகுமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி இந்த இரண்டு பிரவுசர்களிலும் ஓடும் என்பதும் தெரியும். இன்னொரு பிரவுசரில் சோதித்துப் பார்க்கச் சோம்பல், அவ்வளவுதான்.

ஃபயர்ஃபாக்ஸில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் மாவட்டப் பட்டியல் நிரம்பாது. 'தேர்வு செய்க' என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கும். மாவட்டம் இல்லாத விண்ணப்பத்தைச் சர்வர் ஏற்காது. தட்டியதெல்லாம் அழிந்து வெற்றுப் படிவம் திரும்பி வரும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த பிள்ளைகள் மதிப்பெண்களை மறுபடி மறுபடி தட்டியிருப்பார்கள். புகார் அனுப்பியவர்களுக்கெல்லாம் "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறக்கவும்" என்று ஒரே பதிலை அனுப்பினேன். லினக்ஸ் மட்டுமே வைத்திருந்தவர் அதற்கு எங்கே போவார்? அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

2013இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11, யூசர் ஏஜென்ட் வரியிலிருந்து 'எம்எஸ்ஐஇ'யை எடுத்துவிட்டது. எதில் திறக்கச் சொன்னேனோ அந்தப் பிரவுசரையே என் புரோகிராமுக்கு அடையாளம் தெரியவில்லை. மேலதிகாரியின் கணினியிலேயே படிவம் நின்றபோதுதான் திருத்த உட்கார்ந்தேன். பெயர் பார்ப்பதை நீக்கி, வேண்டிய வசதி உண்டா என்று ஸ்கிரிப்டே சோதிக்கும்படி மாற்றினேன். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் ஒரு பட்டனை அழுத்தினால் சர்வர் மாவட்டங்களை நிரப்பித் தரும்படியும் செய்தேன். அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. அத்தனை வருடம் மாணவர்களின் புகாருக்கு அந்த ஒரு மாலையை நான் ஒதுக்கவில்லை.

இன்றும் பல படிவங்களின் தலையில் 'குரோமில் மட்டும் திறக்கவும்' என்று எழுதியிருக்கிறது. அப்படி எழுதும் தம்பி, தங்கையரே, அந்த வரியைப் போடுமுன் உங்கள் படிவத்தை வேறொரு பிரவுசரில் ஒருமுறை கடைசிவரை நிரப்பிப் பாருங்கள்.