இண்டியானாவின் தக்காளி ஜாடிகள்

அமெரிக்காவில் வீட்டுச் சமையலே கிடையாது, டப்பாவைத் திறந்து கொட்டிச் சூடாக்குவதுதான் இவர்கள் சமையல் என்று சொல்பவர்களை ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் சந்திக்கிறேன். பல வருடங்களாக இங்கேயே இருப்பவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவர்களை ஆகஸ்ட் மாதத்தில் இண்டியானாவுக்குக் கூட்டிவந்து எங்கள் எதிர்வீட்டு அடுப்படியில் உட்காரவைக்க வேண்டும்.

இங்கே தோட்டத்துத் தக்காளி ஜூலை கடைசியில் பழுக்கத் தொடங்கும். அக்டோபரில் உறைபனி விழுந்தால் ஒரே இரவில் செடி கருகிவிடும். இடையில் கிடைக்கும் சில வாரங்களில் கூடைகூடையாகப் பறித்ததை அடுத்த கோடை வரை காப்பாற்றியாக வேண்டும். நம் ஊரில் உப்பும் வெயிலும் செய்கிற வேலையை இங்கே கண்ணாடி ஜாடியும் கொதிநீரும் செய்கின்றன. இதைக் கேனிங் என்கிறார்கள்.

எதிர்வீட்டு அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி ஐஸ் தண்ணீரில் போடுவார். தோல் சுருண்டு கையோடு வந்துவிடும். நசுக்கிக் கொதிக்கவிட்டு, ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும் குவார்ட் ஜாடியில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மேலே தக்காளியை நிரப்புவார். வாய்க்குக் கீழே அரை அங்குலம் காலியாக இருக்க வேண்டும். பிறகு ஈரத்துணியால் விளிம்பைச் சுற்றித் துடைப்பார். ஒரு விதை ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. மூடியைப் பிடிக்கும் வளையத்தை விரல் நுனியால் மட்டும்தான் திருகுவார், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டுமே. ஜாடி மூழ்கும் அளவு தண்ணீரில் 45 நிமிடம் கொதிக்கும். எடுத்துத் துண்டின்மேல் வரிசையாக வைத்தால், ஆற ஆற ஒவ்வொரு மூடியின் நடுப்பகுதியும் உள்வாங்கி ‘டிங்’ என்று சத்தம் போடும். எத்தனை பேச்சுக்கு நடுவிலும் அவர் காது அதிலேயே இருக்கும். சத்தம் வராத ஜாடி ஃப்ரிட்ஜுக்குப் போய்விடும். அதை அந்த வாரமே சமைத்துத் தீர்ப்பார்.

தோட்டத்தில் பறித்த தக்காளிக்குக் கடையில் வாங்கிய புட்டி எலுமிச்சைச் சாறு எதற்கு என்று கேட்டேன். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், புட்டியில் மாறாது என்றார். காற்றில்லாத ஜாடிக்குள் போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால் அது வளராது. தக்காளியோ அந்தக் கோட்டின்மேலேயே நிற்கிற பழம். பீன்ஸ், சோளம் போன்ற புளிப்பில்லாத காய்களுக்குக் கொதிநீர் போதாது, பிரஷர் கேனர் வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் கேனிங் கையேட்டில், ஊர் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. எங்கள் பக்கம் 45 நிமிடம் என்றால், 5,280 அடி உயரத்தில் இருக்கும் டென்வரில் அதே ஜாடிக்கு 55 நிமிடம்.

இந்தக் கண்டிப்பை நான் மனமார மதிக்கிறேன். கண்ணளவு, கைப்பக்குவம் என்று பெருமைப்படும் வீட்டிலிருந்து வந்தவள் நான். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் ஜனவரியில் பேரன் சாப்பிடப்போகும் ஜாடிக்கு ஆகஸ்டிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொறுப்பையும் பாசம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

திருகு மூடிக்குப் புரிவைத்த கழுத்துள்ள ஜாடிக்கு ஜான் லாண்டிஸ் மேசன் காப்புரிமை வாங்கியது 1858இல். அதைப் பெருமளவில் செய்து நாடெங்கும் கொண்டுபோன பால் (Ball) சகோதரர்கள், இயற்கை எரிவாயு கிடைத்ததால் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து எங்கள் மாநிலத்தின் மன்சி நகருக்கு வந்தவர்கள். ஆனால் ஜாடியைவிட அதற்குரிய அறிவு பரவிய கதைதான் எனக்கு முக்கியம். 1910இல் தென் கரோலினாவின் ஐக்கன் கவுண்டியில் மேரி குரோமர் என்ற பள்ளி ஆசிரியை, விவசாய வீட்டுச் சிறுமிகளைச் சேர்த்துத் தக்காளி மன்றம் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். அவர்களே பயிரிட்டு, பதப்படுத்தி, விற்றுக் காசு பார்த்தார்கள். அத்தகைய மன்றங்களிலிருந்துதான் பிள்ளைகளுக்கான இன்றைய 4-எச் அமைப்பு வளர்ந்தது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, பல்கலைக்கழக ஆராய்ச்சியைக் கிராமத்து வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணி நாடு முழுக்க ஏற்பட்டது. எங்கள் மாநிலத்தில் பர்டூ பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது.

நம் தக்காளித் தொக்கை ஜாடியில் அடைத்து வருடம் முழுக்க அலமாரியில் வைக்கலாமா என்று அங்கே கேட்டேன். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு புளி என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பெண்மணி, சோதித்துப் பார்த்த செய்முறை இல்லாததால் வேண்டாம், ஃப்ரீசரில் வையுங்கள் என்றார். அப்படியே செய்கிறேன்.

குளிர்காலத்தில் அந்த ஜாடித் தக்காளி பெரும்பாலும் சில்லி என்ற கெட்டிக் குழம்பாகிறது. மாட்டிறைச்சி, சிவப்பு பீன்ஸ், வெங்காயத்தோடு இண்டியானாக்காரர்கள் அதில் மாக்கரோனியும் போடுவார்கள். டெக்சாஸ்காரர்கள் இதைச் சில்லி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது அவர்கள் இழப்பு. இறைச்சி சேர்க்காத எனக்காக எதிர்வீட்டில் தனியாக ஒரு சின்னப் பானை கொதிக்கும்.

கோடையில் இந்தப் பக்கம் வருபவர்கள் ஒரு கவுண்டிச் சந்தைக்குப் போய்வாருங்கள். ராட்டினங்களைத் தாண்டிப் போனால் ஒரு கொட்டகையில் 4-எச் பிள்ளைகளின் ஜாடிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் செய்த தேதியும் செய்முறையும் எழுதி ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் எத்தனை நிமிடம் கொதிக்கவைத்தாய் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வரும்.